கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு: மெரிட் ஸ்காலர்ஷிப் தேடும் வழி

இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், அடுத்த இரண்டு வருடம் பல்கலைக்கழகம் என்ற திட்டத்தோடு அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கும், இங்குள்ள கல்லூரி முறை இன்னும் பிடிபடாத அவர்களின் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை. முதல் இரண்டு வருடக் கட்டணத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்தின் பில் வரும்போதுதான் தலை சுற்றும். அந்தப் பில்லைக் குறைக்கும் வழிகளில் ஒன்று மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை.

ஸ்காலர்ஷிப் என்றதும் பெரும்பாலானவர்கள் இணையத்தில் உள்ள தேடல் தளங்களில் பெயர் பதிந்துகொள்கிறார்கள். அப்புறம் தினமும் விளம்பர மின்னஞ்சல் வந்து குவியும். ஐநூறு டாலர் பரிசுக்கு நாடு முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் போட்டி போடுவார்கள். அதில் யாருக்கும் கிடைப்பதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ட்ரான்ஸ்ஃபர் மாணவருக்கான, அதாவது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் போகிறவருக்கான மெரிட் பணத்தில் பெரும்பகுதி, அவர் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் ட்ரான்ஸ்ஃபர் மாணவருக்கென்று பணம் ஒதுக்குகிறது, எந்தத் தேதிக்குள் கேட்டால் தரும் என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. இங்கே சொல்லப்போவதும் அதைத்தான்.

நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள்?

விண்ணப்பம் போடுமுன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பதாரரை ஃப்ரெஷ்மன் (புதிதாக முதல் வருடம் சேருபவர்), ட்ரான்ஸ்ஃபர் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. இரண்டுக்கும் உதவித்தொகைப் பட்டியல் வேறு. பொதுவாக ஃப்ரெஷ்மன் பட்டியல் நீளமானது, தொகையும் பெரியது.

ஹைஸ்கூலில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் வகுப்புகள் எடுத்திருந்தால், அதாவது டூயல் என்ரோல்மென்ட் என்றால், பெரும்பாலான இடங்களில் நீங்கள் ஃப்ரெஷ்மன்தான். முப்பது கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி) சேர்த்திருந்தாலும் அப்படித்தான். ஆனால் ஹைஸ்கூல் முடித்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் முழுநேரமாகச் சேர்ந்து ஒரு செமஸ்டர் முடித்துவிட்டால், பல பல்கலைக்கழகங்கள் உங்களை ட்ரான்ஸ்ஃபர் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதோடு ஃப்ரெஷ்மன் ஸ்காலர்ஷிப் கதவு மூடிவிடும். "முதலில் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்துவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைக்கும் பெற்றோர் பலருக்கு இந்த விஷயம் தெரிவதில்லை. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால், ஃப்ரெஷ்மனாக விண்ணப்பித்து என்ன தொகை தருகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விண்ணப்பக் கட்டணம் போனாலும் பரவாயில்லை.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ கல்லூரியில் ஒன்றிரண்டு செமஸ்டர் படித்துவிட்டு இங்கு வந்தவர்கள் அதையும் விண்ணப்பத்தில் சொல்லியே ஆக வேண்டும். "அங்கே மதிப்பெண் குறைவு, அதை விட்டுவிடலாமே" என்ற யோசனை ஆபத்தானது. படித்த எல்லாக் கல்லூரிகளின் ட்ரான்ஸ்கிரிப்டையும் (மதிப்பெண் பட்டியல்) கேட்பார்கள். பின்னால் தெரியவந்தால் சேர்க்கையையே ரத்து செய்யலாம். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை அமெரிக்க முறைக்கு மாற்றிக் கொடுக்க டபிள்யூ.ஈ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே இந்த வேலையை முதலில் தொடங்குங்கள். ஏற்கனவே இளநிலைப் பட்டம் வாங்கியவராக இருந்தால், ட்ரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப்கள் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது.

மெரிட் வேறு, நீட் வேறு

குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது நீட் உதவி. நீட் என்றால் இங்கே பணத்தேவை, மருத்துவ நுழைவுத் தேர்வு அல்ல. அதற்கு ஃபாஃப்ஸா என்ற மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பம் போட வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான ஃபாஃப்ஸா வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவியான ஃபெடரல் பெல் கிராண்ட் 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். மெரிட் மட்டும்தான் வேண்டும் என்றாலும் ஃபாஃப்ஸா போட்டு வையுங்கள். சில பல்கலைக்கழகங்கள் மெரிட் ஸ்காலர்ஷிப் கொடுக்கும்போதுகூட "ஃபாஃப்ஸா கோப்பில் இருக்கிறதா" என்று பார்க்கின்றன. "எங்கள் சம்பளத்துக்கு ஒன்றும் கிடைக்காது" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளும் ஐடி குடும்பங்கள் கவனிக்க.

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருப்பவர்கள் ஃபாஃப்ஸா போடலாம். எச்-4 (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கானது), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர்களுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. இங்கேதான் மெரிட் ஸ்காலர்ஷிப்பின் அருமை தெரியும். பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்தில் கொடுக்கும் மெரிட் தொகையைப் பல இடங்களில் விசா வகை பார்க்காமல் கொடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, அதனால் ஒவ்வொரு ஸ்காலர்ஷிப்பின் தகுதிப் பத்தியையும் வரி விடாமல் படியுங்கள். எச்-4 பிள்ளைகளுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு: 21 வயது ஆனதும் அந்த விசா முடிந்துவிடும். எஃப்-1க்கு மாற வேண்டியிருந்தால், மாநில மாணவருக்கான குறைந்த கட்டணமும் ஸ்காலர்ஷிப்பும் அதன் பிறகும் தொடருமா என்று ட்ரான்ஸ்ஃபர் ஆகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் செமஸ்டரிலிருந்தே செய்ய வேண்டியவை

ட்ரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப்பில் எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண்ணுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. ஹைஸ்கூல் மதிப்பெண்ணும் பின்னுக்குப் போய்விடும். கம்யூனிட்டி காலேஜ் ஜிபிஏதான் (நான்கு புள்ளிக்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) பேசும். ஹைஸ்கூலில் சுமாராகப் படித்தவர்களுக்கு இது புதுக் கணக்கு. அதே சமயம் முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்தில் சறுக்கினால், நாலே செமஸ்டருக்குள் அதைச் சரிக்கட்டுவது கடினம். 3.0, 3.25, 3.5, 3.75 என்ற எண்களில்தான் பெரும்பாலும் தகுதிக் கோடு போடுவார்கள். 3.48 வாங்கியவருக்கு 3.5 ஸ்காலர்ஷிப் கிடையாது. அதில் இரக்கம் எல்லாம் பார்க்க மாட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு பாடத்தை இரண்டாம் முறை எடுத்தால் கம்யூனிட்டி காலேஜ் பழைய கிரேடை நீக்கிவிட்டு ஜிபிஏ கணக்கிடலாம். ஆனால் நீங்கள் போகும் பல்கலைக்கழகம் இரண்டையும் சேர்த்துத் தன் வழியில் கணக்கிடக்கூடும். கல்லூரிப் பாடத் தரத்துக்கு முந்தைய அடிப்படை வகுப்புகள் கிரெடிட்டிலும் சேராது, ஜிபிஏவிலும் சேராது.

ஃபை தீட்டா கப்பா என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கிரேக்க எழுத்துப் பெயரைப் பார்த்து ஏதோ மோசடி என்று நினைத்து அழிப்பவர்கள் நிறைய. 1918இல் தொடங்கிய அந்தச் சங்கம் இரண்டு வருடக் கல்லூரி மாணவர்களுக்கான ஹானர் சொசைட்டி, அதாவது நன்றாகப் படிப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு. பொதுவாக 12 கிரெடிட் முடித்து 3.5 ஜிபிஏ இருந்தால் அழைப்பு வரும். சேர ஒருமுறை கட்டணம் உண்டு. சங்கத்தில் இருப்பதால் தானாகப் பணம் வந்துவிடாது. ஆனால் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் இந்தச் சங்க உறுப்பினர்களுக்கென்றே தனி ட்ரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் வைத்திருக்கின்றன. சில இடங்களில் அதை மற்ற மெரிட் தொகைக்கு மேல் கூட்டிக் கொடுப்பார்கள். சங்கத்தின் இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகம் என்ன தருகிறது என்று தேடிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. சேர்வதற்கு முன், நீங்கள் குறிவைக்கும் நான்கைந்து பல்கலைக்கழகங்களில் இது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிலும் இல்லை என்றால் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

அடுத்தது உங்கள் கம்யூனிட்டி காலேஜின் ஃபவுண்டேஷன். ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் நன்கொடையாளர்கள் கொடுத்த பணத்தை வைத்து நடக்கும் அறக்கட்டளை ஒன்று இருக்கும். ஒரே படிவத்தை நிரப்பினால் பொருந்துகிற எல்லா உதவித்தொகைகளுக்கும் அதுவே போகும். உள்ளூரில் மட்டுமே போட்டி. ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போகிறவர்களுக்கென்றும் அதில் சில இருக்கும். தேசிய அளவில் பத்து இடத்துக்கு அலைவதற்கு முன்னால் இந்த ஒரு படிவத்தை முடியுங்கள்.

பல்கலைக்கழகப் பட்டியல் போடும் விதம்

பெயரைப் பார்த்துப் பட்டியல் போடுவது நம் வழக்கம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் மெரிட் ஸ்காலர்ஷிப் கொடுப்பதே இல்லை. அங்கே எல்லாம் குடும்ப வருமானத்தை வைத்து வரும் உதவிதான். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அது மிகப் பெரிய தொகையாக இருக்கலாம். நடுத்தர வருமானத்துக்கு மேல் இருந்து மெரிட்டை நம்புகிறவர்கள் அங்கே தேடிப் பயனில்லை. மெரிட் பணம் பெரும்பாலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும், நல்ல மாணவர்களைத் தன் பக்கம் இழுக்க நினைக்கும் நடுத்தரத் தனியார் கல்லூரிகளிலும் இருக்கும்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் ஸ்காலர்ஷிப் பக்கத்துக்குப் போய் ட்ரான்ஸ்ஃபர் என்ற தலைப்பைத் தேடுங்கள். அங்கே இரண்டு வகை இருக்கும். ஒன்று தானாக வருவது: சேர்க்கை விண்ணப்பமே போதும், ஜிபிஏ இவ்வளவு, கிரெடிட் இவ்வளவு என்றால் இவ்வளவு டாலர் என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். இன்னொன்று போட்டி: தனி விண்ணப்பம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் வேண்டும். தானாக வருவதை வைத்துச் செலவுத் திட்டம் போடுங்கள். போட்டியில் வருவதை அதிர்ஷ்டக் கணக்கில் வையுங்கள்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் உதவி போகக் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்ற கருவி இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சட்டப்படி அந்தக் கருவியை முதன்முதலாகக் கல்லூரியில் சேரும் முழுநேர மாணவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். ட்ரான்ஸ்ஃபர் மாணவர் தன் விவரத்தைப் போட்டால் ஃப்ரெஷ்மன் ஸ்காலர்ஷிப்பைக் கழித்து அழகான தொகை ஒன்றைக் காட்டும். அது உங்களுக்கு வராது.

அதைவிடப் பயனுள்ளது காமன் டேட்டா செட் என்ற ஆவணம். பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் டி பகுதி முழுக்க ட்ரான்ஸ்ஃபர் பற்றியது: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, குறைந்தபட்ச ஜிபிஏ என்ன, எந்த செமஸ்டரில் சேர்க்கிறார்கள். எச் பகுதியில், வருமான அடிப்படையில் உதவி தேவைப்படாத மாணவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் தொகை கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று இருக்கும். ட்ரான்ஸ்ஃபர் மாணவருக்குத் தனிக் கட்டம் அங்கே இல்லை. இருந்தாலும் அந்த இடம் கை தாராளமா, இறுக்கமா என்று குத்துமதிப்பாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் நேரடியாகக் கேளுங்கள். ட்ரான்ஸ்ஃபர் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ட்ரான்ஸ்ஃபர் மாணவருக்கு என்னென்ன மெரிட் ஸ்காலர்ஷிப் இருக்கிறது, எதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும், ஜனவரியில் சேர்ந்தாலும் கிடைக்குமா, எத்தனை செமஸ்டர் வரை வரும், தொடர்ந்து வாங்க எவ்வளவு ஜிபிஏ வைத்திருக்க வேண்டும், வேறு ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இதைக் குறைப்பீர்களா. பதில் வந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் பற்றிக் கேட்டால் இடம் தர மாட்டார்களோ என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இத்தகைய கேள்விக்குப் பதில் சொல்வது அன்றாட வேலை.

மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு என்ஜே ஸ்டார்ஸ் திட்டம் முக்கியம். ஹைஸ்கூல் வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தவர்கள் தங்கள் கவுண்டி காலேஜில் (அங்கே கம்யூனிட்டி காலேஜின் பெயர்) டியூஷன், அதாவது படிப்புக் கட்டணம், கட்டாமல் படிக்கலாம். அங்கே அசோசியேட் என்ற இரண்டு வருடப் பட்டத்தை 3.25 ஜிபிஏவோடு முடித்து அதே மாநிலத்தில் ட்ரான்ஸ்ஃபர் ஆனால், என்ஜே ஸ்டார்ஸ் இரண்டு என்ற தொடர்ச்சியில் வருடத்துக்கு 2,500 டாலர் வரை கிடைக்கும். இதற்கு வருமான உச்சவரம்பு உண்டு. ஆனால் 2,50,000 டாலர் வரை என்று உயரமாகவே வைத்திருக்கிறார்கள். முதல் திட்டத்தில் இல்லாதவர்கள் இரண்டாவதில் நுழைய முடியாது. ஆகவே ஹைஸ்கூலிலேயே இது தெரிந்திருக்க வேண்டும்.

டெக்சாஸில் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் தேட வேண்டியது வேறொன்று. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் போட்டி முறையில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கினால், அந்தப் பல்கலைக்கழகம் உங்களிடம் மாநில மாணவருக்கான கட்டணத்தையே வாங்கச் சட்டம் இடம் தருகிறது. வெளிமாநிலக் கட்டணம் பல மடங்கு என்பதால், அந்த ஆயிரம் டாலரின் உண்மையான மதிப்பு பத்தாயிரத்தைத் தாண்டும். எஃப்-1 மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி அந்த மாநிலத்தில் குறைவு. எல்லா ஸ்காலர்ஷிப்புக்கும் இந்தச் சலுகை வராது, எத்தனை பேருக்குக் கொடுக்கலாம் என்று வரம்பும் உண்டு. எந்த ஸ்காலர்ஷிப்புக்கு வரும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கலிஃபோர்னியாவில் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பம் அக்டோபர், நவம்பர் மாதங்களில். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ட்ரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி என்ற ஒப்பந்தம் உண்டு. அதற்கு செப்டம்பர் மாதத்திலேயே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ அதில் இல்லை. யூசியின் பெரிய மெரிட் கௌரவம் ரீஜன்ட்ஸ் ஸ்காலர்ஷிப். ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களையும் அதற்குப் பரிசீலிக்கிறார்கள். விண்ணப்பத்திலேயே ஸ்காலர்ஷிப் பகுதி ஒன்று வரும், அதை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். எந்த வகுப்பு எங்கே ஏற்கப்படும் என்று பார்க்க அசிஸ்ட் என்ற தளம் இருக்கிறது.

ஜார்ஜியாவில் ஹோப் ஸ்காலர்ஷிப்பை ஹைஸ்கூலில் தவறவிட்டவர்கள் கல்லூரியிலும் பிடிக்கலாம். 30, 60, 90 செமஸ்டர் மணி முடியும் கட்டங்களில் ஜிபிஏவைப் பார்க்கிறார்கள், 3.0 வேண்டும். அரிசோனாவில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களில் ஆல்-அரிசோனா அகாடமிக் டீமுக்குத் தேர்வானால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டியூஷன் தள்ளுபடி. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அந்த மாநிலக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே ஃப்ரெடெரிக் டக்ளஸ் பெயரில் ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கிறது. வர்ஜீனியாவில் நோவா என்ற கம்யூனிட்டி காலேஜும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் அட்வான்ஸ் திட்டம் நேரடியாகப் பணம் தருவதல்ல. ஆனால் எந்த வகுப்பு எடுத்தால் கிரெடிட் வீணாகாது என்று முதலிலிருந்தே கூட இருந்து காட்டுகிறார்கள்.

தேசிய அளவில் எதற்கு முயலலாம்?

முதலில் வருவது ஜாக் கென்ட் குக் ஃபவுண்டேஷனின் ட்ரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப். வருடத்துக்கு 55,000 டாலர் வரை. ஒவ்வொரு வருடமும் நாடு முழுவதிலிருந்தும் சுமார் ஐம்பது முதல் நூறு பேருக்குத்தான் கிடைக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே இருக்கும் இந்த ஸ்காலர்ஷிப்புக்கு உயர்ந்த ஜிபிஏவோடு பணத்தேவையும் காட்ட வேண்டும். ஆகவே பெற்றோரின் வருமான விவரமும் கேட்பார்கள். விண்ணப்பம் நீளமானது, வழக்கமாக ஜனவரி தொடக்கத்தில் மூடும். வாய்ப்பு குறைவுதான். ஆனால் அதற்கு எழுதிய கட்டுரைகளைப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதால் உழைப்பு வீண் இல்லை.

ஃபை தீட்டா கப்பா சேர்ந்து நடத்தும் கோகோ கோலா அகாடமிக் டீமில் 150 பேரைத் தேர்ந்தெடுத்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று 1,500, 1,250, 1,000 டாலர் கொடுக்கிறார்கள். அவர்களுடைய ஹைட்ஸ் ட்ரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப் 7,500 டாலர். பொறியியல், கம்ப்யூட்டர் படிக்கும் பெண்களுக்கு சொசைட்டி ஆஃப் விமன் எஞ்சினியர்ஸ் தரும் ஸ்காலர்ஷிப்கள் உண்டு, ஒரே விண்ணப்பத்தில் பலவற்றுக்குப் பார்ப்பார்கள்.

அறிவியல், கணிதம், பொறியியல் மாணவர்கள் அதிகம் கேள்விப்படாத ஒன்று எஸ்-ஸ்டெம். நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் இந்தப் பணத்தைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கிறது, கல்லூரி மாணவருக்குக் கொடுக்கிறது. ஆகவே ஃபவுண்டேஷனிடம் தேடினால் விண்ணப்பம் கிடைக்காது. நீங்கள் போகும் துறையிலேயே "உங்களிடம் எஸ்-ஸ்டெம் திட்டம் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். நல்ல மதிப்பெண்ணோடு குடும்ப வருமானம் குறைவாகவும் இருக்க வேண்டும், குடியுரிமை அல்லது கிரீன் கார்டும் தேவை. தொகை நல்ல தொகை. துறை ஆசிரியர்களோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பும் அதோடு வரும்.

ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கவே கட்டணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். விண்ணப்பிக்காத பரிசு கிடைத்துவிட்டது என்று சொல்லி வங்கிக் கணக்கு எண் கேட்பவர்களையும் அப்படியே.

தேதிகள்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். சேர்க்கைக்குக் கடைசித் தேதி ஜூன் என்று போட்டிருப்பார்கள், ஸ்காலர்ஷிப்புக்கான தேதி பிப்ரவரியிலோ மார்ச்சிலோ முடிந்திருக்கும். சில இடங்களில் டிசம்பரிலேயே முடிந்துவிடும். பிரையாரிட்டி டேட் என்று எதைச் சொல்கிறார்களோ அதைத்தான் உங்கள் கடைசித் தேதியாக வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: பல பல்கலைக்கழகங்களில் ட்ரான்ஸ்ஃபர் மெரிட் தொகை ஆகஸ்ட் மாதம் சேருபவர்களுக்கு மட்டுமே. "கிரெடிட் முடிந்துவிட்டது, ஜனவரியிலேயே போய்விடலாம்" என்று அவசரப்பட்டால் நான்கு செமஸ்டர் பணமும் போகலாம்.

ஆகஸ்டில் சேர வேண்டும் என்றால் முந்தைய வருடக் கோடையிலேயே பட்டியல் தயாராக வேண்டும். செப்டம்பரில் கம்யூனிட்டி காலேஜின் ட்ரான்ஸ்ஃபர் கவுன்சிலரைப் பாருங்கள். அக்டோபரில் ஃபாஃப்ஸா. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பரிந்துரைக் கடிதம், கட்டுரை. ஜனவரி முதல் மார்ச் வரை விண்ணப்பங்கள். தேதிகளை எல்லாம் ஒரு எக்செல் தாளில் போட்டு, பக்கத்தில் "தானாக வரும்", "தனி விண்ணப்பம்" என்று குறித்து வைத்தால் போதும்.

பரிந்துரைக் கடிதமும் கட்டுரையும்

ஆபீஸ் ஹவர்ஸ் (ஆசிரியர் தன் அறையில் மாணவர்களைச் சந்திக்கும் நேரம்) என்றால் பாடம் புரியாதவர்கள் போகும் நேரம் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். "ஏ" வாங்கும் மாணவர் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை பேசாமலே செமஸ்டரை முடித்துவிடுவார். கடிதம் கேட்கும்போது அந்த ஆசிரியருக்கு மதிப்பெண் தவிர எழுத எதுவும் இருக்காது. முதல் வருடத்திலேயே இரண்டு ஆசிரியர்களிடமாவது பழகுங்கள். பாடத்தில் சந்தேகம், அடுத்து என்ன படிக்கலாம், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று எதையாவது கேட்டுக்கொண்டு போகலாம். கம்யூனிட்டி காலேஜில் வகுப்புகள் பெரும்பாலும் சிறியவை என்பதால் இது சுலபம். கடிதம் வேண்டும் என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அதோடு உங்கள் ரெஸ்யூமே, அந்த வகுப்பில் செய்த வேலை, ஸ்காலர்ஷிப்பின் விவரம், கடைசித் தேதி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

கட்டுரையில் "வறுமையிலும் உழைத்தேன்" என்ற பொதுப்படையான பேச்சு எடுபடாது. இந்தத் துறை ஏன், இந்தப் பல்கலைக்கழகம் ஏன், கம்யூனிட்டி காலேஜில் இதுவரை என்ன செய்தீர்கள் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள். வாரத்துக்கு இருபது மணி நேரம் மளிகைக் கடையில் வேலை பார்த்தபடி கால்குலஸ் முடித்திருந்தால் அதை எழுதலாம். தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பது எல்லாம் இங்கே பொறுப்பாக மதிக்கப்படும். நம் வீட்டில் அதை யாரும் சாதனையாகச் சொல்வதில்லை என்பதால் பிள்ளைகள் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

சேர்க்கைக் கடிதங்கள் வந்த பிறகு

ஸ்காலர்ஷிப் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு. முதல் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு 15,000 டாலர், ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லை, உங்கள் 60 கிரெடிட்டும் பட்டத்துக்குச் சேர்கிறது. நான்கு செமஸ்டரில் முடித்தால் 30,000 டாலர். இரண்டாவதில் வருடத்துக்கு 40,000 டாலர், அதில் 18,000 ஸ்காலர்ஷிப். ஆனால் 48 கிரெடிட்தான் ஏற்கிறார்கள், அதனால் ஐந்து செமஸ்டர். ஸ்காலர்ஷிப் நான்கு செமஸ்டருக்குத்தான். நான்கு செமஸ்டருக்கு 44,000, ஐந்தாவதற்கு முழுசாக 20,000, மொத்தம் 64,000. "பதினெட்டாயிரம் ஸ்காலர்ஷிப்" என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், கணக்கில் நஷ்டம்.

கிரெடிட் இழப்பு சின்ன விஷயம் அல்ல. 2004 முதல் 2009 வரையிலான ட்ரான்ஸ்ஃபர் மாணவர்களை ஆராய்ந்து அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, மாறும்போது சராசரியாக 43 சதவீதக் கிரெடிட் போய்விடுவதாக மதிப்பிட்டது. எத்தனை கிரெடிட் ஏற்றார்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. அவற்றில் எத்தனை உங்கள் மேஜருக்குச் (முதன்மைப் பாடம்) சேரும் என்று கேளுங்கள். விருப்பப் பாடம் என்று ஏற்றுக்கொண்டு, மேஜர் பாடத்தை மறுபடி படிக்க வைப்பது வழக்கமாக நடப்பதுதான்.

வெளி ஸ்காலர்ஷிப் கிடைத்தால் பல்கலைக்கழகம் தன் உதவியை அதே அளவு குறைத்துக்கொள்வதும் உண்டு. மேரிலாந்து 2017இல் முதலாவதாக அங்குள்ள அரசுக் கல்லூரிகள் இப்படிச் செய்வதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது, நியூஜெர்சி உள்ளிட்ட சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. உங்கள் மாநிலத்தில் சட்டம் இல்லாவிட்டால், உதவியைக் குறைப்பதற்குப் பதில் கடனைக் குறைக்க முடியுமா என்று ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பல்கலைக்கழகம் கூடுதல் தொகை கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, இங்கேதான் சேர விருப்பம், தொகையை மறுபடி பார்க்க முடியுமா என்று பணிவாக எழுதலாம். புது செமஸ்டர் கிரேடு வந்து ஜிபிஏ கோட்டைத் தாண்டியிருந்தால் புதிய ட்ரான்ஸ்கிரிப்டையும் அனுப்புங்கள். எல்லா நேரமும் பலிக்காது, கேட்பதால் கொடுத்த இடத்தைப் பிடுங்கிக்கொள்ளவும் மாட்டார்கள்.

சேர்ந்த பிறகு ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் எடுத்து முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. ஒரு வகுப்பைக் கைவிடத் தோன்றினால், அதற்கு முன் ஸ்காலர்ஷிப் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். புதிய இடத்தில் முதல் செமஸ்டரில் ஜிபிஏ சற்று இறங்குவது பலருக்கும் நடக்கும். தொகையைத் தக்கவைக்க 3.5 வேண்டும் என்றால், கஷ்டமான மூன்று மேஜர் பாடங்களை ஒரே செமஸ்டரில் அடுக்காதீர்கள்.

கடைசியாக வரி. டியூஷன், கட்டணம், பாடத்துக்கு அவசியமான புத்தகம் ஆகியவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப் தொகைக்கு வரி இல்லை. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வருமானமாகக் கணக்காகும். வரிக் கணக்கில் ரெசிடென்ட் ஆகாத எஃப்-1 மாணவர்களிடம் அந்தப் பகுதியில் பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வருடத் தொடக்கத்தில் கல்லூரியிடமிருந்து வரும் 1098-டி என்ற கட்டண விவரப் படிவத்தை அப்பாவின் வரிக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், அந்த வருடம் வாங்கிய புத்தக ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள்.